கோபாலபுரம் தாண்டி ஒரு அடுப்படி

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொல்லங்கோட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். கடைசி வரை படிக்கிற பொறுமை எல்லோருக்கும் இருக்காது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போயே ஆக வேண்டும் என்றால் வார நாளில் போங்கள், சொந்த வண்டியில் போங்கள். ஆட்டோதான் கதி என்றால் ஏறுவதற்கு முன்பே வெயிட்டிங்கையும் சேர்த்து ரேட் பேசிவிடுங்கள். இது எதுவும் வேண்டாம், அதே மாவட்டத்தில் சித்தூர்ப் பக்கம் ஒரு தோழி இருக்கிறாள் என்றால், பேசாமல் அவள் வீட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொள்ளுங்கள். நாங்கள் போனதில் உருப்படியான பகுதி அதுதான்.

எப்படிப் போவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதித் தருவதாக வாட்ஸ்அப்பில் வாக்குக் கொடுத்திருக்கிறேன். முடிந்தவரை பார்க்கிறேன்.

கோவையிலிருந்து பொள்ளாச்சி வரை சொல்ல ஒன்றுமில்லை. பொள்ளாச்சியில் டீச்சர் வந்து சேர்ந்துகொண்டாள். அங்கிருந்து கொழிஞ்சாம்பாறை வழியாகப் பாலக்காடு போகும் பஸ் நேராகவே இருக்கிறது. பத்து பைசா யோசிக்காமல் அதில் ஏறியிருக்கலாம். ஆனால் எங்கள் கூட்டத்தில் பேங்க்கில் வேலை பார்க்கிற ஒருத்தி இருக்கிறாள். எல்லையில் இருக்கிற கோபாலபுரம் வரை டவுன் பஸ் போகிறது, 2021-லிருந்து பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, அப்புறம் எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்பது அவள் வாதம். சரி என்று எல்லைவரை ஓசியில் போய் இறங்கி, செக்போஸ்ட்டைப் பைகளோடு நடந்தே தாண்டி, அந்தப் பக்கம் ஒரு தனியார் பஸ்ஸைப் பிடித்தோம்.

அந்த பஸ்ஸைப் பற்றி எழுதாமல் விட முடியாது. கேரளத்தில் தனியார் பஸ்களுக்கு நிமிஷக் கணக்கு. ரெண்டு நிமிஷம் பிந்தினால் பின்னால் வருகிறவன் ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடுவான். அதனால் நிறுத்தத்தில் பஸ் நிற்பதில்லை, வேகம் குறைகிறது, அவ்வளவுதான். டீச்சரின் ஒரு கால் தரையில் இருக்கும்போதே கண்டக்டர் கயிற்றை இழுத்து மணி அடித்துவிட்டார். உட்கார இடமில்லை. என் முதுகில் ஒருவருடைய வாழைத்தார். நான் கொடுத்த நூறு ரூபாய்க்கு மீதி அப்புறம் தருகிறேன் என்றவர், அந்த அப்புறத்தை நாங்கள் இறங்கும் வரை இழுத்தார். இறங்கி நின்று ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "அண்ணா, பாக்கி!" என்று கத்தித்தான் வாங்கினேன். இவ்வளவுக்கும் மிச்சம் பிடித்தது ஆளுக்கு இருபது ரூபாய் இருக்கலாம். பேங்க்காரிக்கு அதில் பரம திருப்தி.

ரயிலில் வந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பொள்ளாச்சி–பாலக்காடு பாதையை வருஷக்கணக்கில் மூடி வைத்து, 2015-ல் அகலப்பாதையாக்கித் திறந்தார்கள். பாதை பளபளவென்று இருக்கிறது. வண்டிதான் நமக்குத் தோதான நேரத்தில் இல்லை.

கேரளா என்றதும் படகு, காயல் என்று எதிர்பார்த்து வருகிறவர்களுக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஏமாற்றம்தான். இங்கே வரப்புக்கு வரப்பு பனைமரம், நடுநடுவே கரிசல் மண், கடைப் பலகைகளில் மலையாளத்தோடு தமிழும். மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கிற பாலக்காட்டுக் கணவாய் இது. ஆடி மாதத்தில் காற்று அந்த வழியாக நெருக்கிக்கொண்டு வருகிறது. துப்பட்டா ஒரு இடத்தில் நிற்கவில்லை. கொடியில் காயப்போட்ட துணிக்கு ரெண்டு ரெண்டு கிளிப் மாட்டியும் பக்கத்துத் தோட்டத்தில் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தோம்.

தோழி வீட்டில் எல்லோரும் பேசுவது கொங்குத் தமிழ். அவள் தமிழ் மீடியத்தில் படித்தவள், அவள் தம்பி மலையாளத்தில். வீட்டு வாசலில் எங்களை முதலில் வரவேற்றது குட்டன். செம்பட்டை நிறத்தில் ஒரு நாட்டு நாய். வயலில் மயில் இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் உத்தியோகம் என்று தோழியின் அப்பா சொன்னார். நாங்கள் பார்த்த வரையில் மயில் வந்தால் குட்டன் எழுந்து நிற்கும், நாலு குரைப்பு குரைக்கும், மயில் பத்தடி தள்ளிப் போய் அதே வேலையைத் தொடரும். ரெண்டு தரப்புக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. செம்பி என்று ஒரு பூனையும் உண்டு. அது எங்களை மதிக்கவே இல்லை.

ஒப்பந்தம் என்றதும் அப்பா தண்ணீருக்குப் போய்விட்டார். ரெண்டு மாநிலத்துக்கும் இடையிலான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி எல்லையோர மணக்கடவில் வருஷத்துக்கு 7.25 டிஎம்சி கேரளத்துக்கு வர வேண்டும். அதில்தான் சித்தூர் வயல் நடக்கிறது. "உங்க ஊர்க்காரங்க தண்ணி தொறந்தாத்தானுங்க எங்களுக்குச் சோறு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவருடைய சொந்த அக்காவைக் கட்டிக்கொடுத்திருப்பது ஆனைமலையில். அங்கேயும் அதே தண்ணீருக்கு அதே பேச்சுதான் நடக்குமாம்.

சரி, சந்தகைக்கு வருகிறேன். இடியாப்பம் மாதிரி நூலாகப் பிழிகிற கொங்கு நாட்டுப் பலகாரம். இதை எழுதத்தான் இவ்வளவும்.

முதல் நாள் ராத்திரியே புழுங்கலரிசி ஊறப்போட்டிருந்தார்கள். காலையில் அதைக் கெட்டியாக, விரலில் நறநறக்காமல் வழுவழுவென்று அரைத்து, உப்புப் போட்டு, துணி விரித்த தட்டில் இட்லியாக ஊற்றி வேக வைக்கிறார்கள். உளுந்து கிடையாது, புளிக்க வைப்பதும் கிடையாது. வெந்த இட்லியைச் சுடச்சுட அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். அந்த அச்சு இருக்கிறதே, மூன்று கால் வைத்த கனமான இரும்பு, மேலே திருகுவதற்கு நீளமாக ரெண்டு பக்கமும் கைப்பிடி. ஒருத்தி காலைப் பிடித்துக்கொள்ள, ஒருத்தி திருக, ஒருத்தி கீழே தட்டை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். நான் திருகினேன். ரெண்டாவது சுற்றிலேயே தோள்பட்டை கழன்றுவிட்டது. போனை எடுத்து வீடியோ பிடித்துக்கொண்டிருந்த பேங்க்காரியிடம் தோழியின் அம்மா, "சூடா இருக்கையிலயே புழியோணும் கண்ணு, ஆறிப்போச்சுன்னா கல்லாயிரும். போனைக் கீழ வெச்சுட்டு வந்து புடி" என்றார். வைத்துவிட்டு வந்து பிடித்தாள்.

நூல் நூலாக வெள்ளையாக இறங்குகிறது. தட்டிலிருந்து தப்பி விழுகிறதை எல்லாம் வாங்கிக்கொள்ளக் குட்டன் அச்சுக்கு நேர் கீழே தலையை வைத்துப் படுத்துவிட்டது. மயிலுக்குக் காட்டாத சுறுசுறுப்பு.

அதற்குத் தேங்காய்ப்பால், வெல்லம் தட்டிப்போட்டு ஏலக்காயோடு. இன்னொரு பங்கு எலுமிச்சம்பழம் பிழிந்து கடலையெண்ணெயில் தாளித்தது. இன்னும் கொஞ்சம் நாட்டுக்கோழிக் குழம்போடு. குழம்பில் கொங்குக்காரர் வீட்டு மல்லியும் வரமிளகாயும் இருந்தன, ஆனால் இறக்கும்போது ஒரு கரண்டி பச்சைத் தேங்காயெண்ணெயை மேலே விட்டார்கள். அதுதான் எல்லைக்கு அந்தப் பக்கத்து வேலை. கோவையில் என் மாமியார் பார்த்தால் சண்டைக்கு வருவார். நான் சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் குழம்புக்கு அந்த எண்ணெய் இல்லாவிட்டால் அது வெறும் கோழிக் குழம்பு. இலையில் எத்தனை முறை வாங்கினேன் என்று எண்ணவில்லை. டீச்சர் எண்ணியிருக்கிறாள், சொல்ல மாட்டேன் என்கிறாள்.

ராத்திரிக்கு அதே அடுப்பில் கர்க்கடகக் கஞ்சி. நமக்கு ஆடி, அவர்களுக்குக் கர்க்கடகம், மாதம் ஒன்றுதான். ஞவர அரிசியும் வெந்தயமும் மருந்துச் சாமான்களும் போட்டுக் காய்ச்சுகிறார்கள். மழைக்காலத்தில் உடம்புக்கு நல்லதாம். நல்லதாகத்தான் இருக்கும், அந்தக் கசப்புக்கு. மதியம் கோழிக் குழம்பும் ராத்திரி மருந்துக் கஞ்சியும் ஒரே வீட்டில் எப்படி என்று கேட்டதற்குத் தோழி, "அது அம்மாவோட டிபார்ட்மென்ட், இது பக்கத்து வீட்டுச் சேச்சி சொல்லிக்கொடுத்தது" என்றாள்.

மத்தியான வேளை முழுக்கத் திண்ணையில் அம்முச்சியோடு போனது. தோழியின் அம்மாவைப் பெற்றவர், எழுபது தாண்டியவர். ஒயர் கூடை பின்னுகிறார். சாதாரண முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் எல்லாம் கைவந்த கலை. நான் கற்றுக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தேன். முதலில் அடித்தட்டு. ஒயரை நடுவில் மடித்து, ரன்னிங் ஒயர் என்கிற நீள ஒயரை அதன் காதில் நுழைத்து, மறுபடி மடித்து இழுத்தால் சதுரமாக ஒரு முடிச்சு விழுகிறது. எல்லா முடிச்சும் ஒரே இறுக்கத்தில் விழ வேண்டும், ஒன்று தளர்ந்தால் கூடை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அடித்தட்டு முடிந்து மூலையில் திரும்புகிற இடத்தில்தான் எல்லோரும் கைவிடுவார்களாம். நான் அதற்கு வெகு முன்னாலேயே விட்டுவிட்டேன். செம்பி ரன்னிங் ஒயரின் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். அம்முச்சி டிவி சீரியலைப் பார்த்துக்கொண்டே, கையைப் பார்க்காமல், நான் ஒரு முடிச்சு போடுகிற நேரத்தில் ஒரு வரிசை முடித்தார். சந்தைக்குக் கொண்டுபோகிற பெரிய கூடை ஒன்று பின்ன அவருக்கு மூன்று நாலு நாள் ஆகிறது. ஊரில் கேட்கிறவர்களுக்கு ஒயர் காசுக்கு மேலே கொஞ்சம் வைத்துக் கொடுக்கிறார். அந்தக் கொஞ்சம் ரொம்பவே கொஞ்சம்.

இனி கொல்லங்கோடு. 2023-ல் இந்தியாவின் அழகான கிராமங்கள் என்று சமூக ஊடகத்தில் ஒரு பட்டியல் சுற்றியதே, அதில் இந்த ஊர் இருந்தது. அன்றிலிருந்து ரீல்ஸ் எடுக்கிறவர்கள் விடவில்லை. ஊர் அழகுதான், அதில் பொய் இல்லை. பச்சை வயலின் கடைசியில் நெல்லியாம்பதி மலை சுவராக எழுந்து நிற்கிறது, மேலே மேகம். ஆனால் அந்த வயல் வரப்பில் நடந்தால் எதிரே டிரைபாட், பின்னால் டிரோன், பக்கத்தில் சேலை மாற்றிக்கொள்ள மறைவு தேடுகிற கல்யாண ஜோடி. நாற்றை மிதிக்காதீர்கள் என்று விவசாயி ஒருவர் மலையாளத்திலும் தமிழிலும் மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தார். எனக்கு அவர் பக்கம்தான் நியாயம்.

பஸ் நிலையத்தில் ஆட்டோ பேசினோம். வயல், சிங்கன்சிறை கோயில், சீதார்குண்டு அருவி, திரும்பக் கொண்டுவந்து விடுவது எல்லாம் எண்ணூறு. கேரளத்தில் ஆட்டோவுக்கு மினிமம் முப்பது ரூபாய், ஒன்றரை கிலோமீட்டருக்கு. அந்தக் கணக்கில் பார்த்தாலே எண்ணூறு அதிகம். சரி, நாலு பேர், ஆளுக்கு இருநூறு என்று ஒத்துக்கொண்டோம். முடிந்து இறங்கும்போது ஆயிரத்து நூறு என்கிறார். "வெயிட்டிங் உண்டல்லோ சேச்சி." சீதார்குண்டில் நாங்கள் நின்றதே கொஞ்ச நேரம். தண்ணீர் அதிகம் என்று அருவியில் இறங்க விடவில்லை, தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டோம். தோழி நல்ல மலையாளத்தில் சண்டை போட்டுப் பார்த்தாள். ஐம்பது குறைந்தது. பேங்க்காரி ஊர் வரும் வரை வாயைத் திறக்கவில்லை. மிச்சம் பிடித்த இருபது ரூபாய் அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

சிங்கன்சிறையை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பெரிய ஆலமரங்கள், தரையிலிருந்து மரத்துக்குப் போகிறதா மரத்திலிருந்து தரைக்கு வருகிறதா என்று தெரியாத அளவுக்கு விழுதுகள், அடியில் கருப்பசாமி. கூரை, கோபுரம் எதுவும் இல்லை. கோழி அறுத்துப் பொங்கல் வைக்க ஒரு குடும்பம் வந்திருந்தது. எங்களையும் சாப்பிடச் சொன்னார்கள். சந்தகை இன்னும் வயிற்றில் இருந்ததால் மறுத்துவிட்டோம், வருத்தம்தான்.

கிளம்புகிற அன்று காலையில் ராமசேரி. பாலக்காடு பஸ்ஸில் எலப்புள்ளிப் பக்கம் இறங்கி உள்ளே போக வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள், நெசவு அவர்கள் தொழில். பெண்கள் இட்லி சுட்டு விற்க ஆரம்பித்து அதுவே ஊருக்குப் பெயராகிவிட்டது. இப்போது சில குடும்பங்கள்தான் செய்கின்றன. மண் வளையத்தில் நூலால் வலை பின்னி, மேலே துணி விரித்து, மாவைத் தோசை மாதிரி தட்டையாகப் பரப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விறகடுப்பில் வேக வைக்கிறார்கள். பஞ்சு மாதிரி என்று எல்லோரும் எழுதுவார்கள், நான் எழுதவில்லை. எனக்குப் பிடித்தது பொடி. தேங்காயெண்ணெய் குழைத்த அந்தப் பொடிக்காக மட்டும் மறுபடி போவேன். நாலு பேர் வயிறு முட்டச் சாப்பிட்ட பில், கொல்லங்கோட்டு வெயிட்டிங் சார்ஜைக்கூடத் தொடவில்லை. அங்கே எங்களைக் கொண்டுவிட்ட ஆட்டோக்காரர் நியாயமான காசு வாங்கினார், மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

செலவுக் கணக்கு: தங்க ஒன்றுமில்லை, சாப்பாட்டுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை, பஸ்ஸுக்கு ஆளுக்கு இருநூறுக்குள். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் அந்த ஒரு ஆட்டோ. தோழி வீட்டுக்குப் பழம், பிஸ்கட், குட்டனுக்கு ஒரு பாக்கெட் ரஸ்க் வாங்கிப் போனோம். அம்முச்சி எனக்கொரு கூடை கொடுத்துவிட்டுக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். பதிலுக்கு ஒயர் வாங்கித் தருகிறேன் என்றதும் உடனே ஒத்துக்கொண்டார். பொள்ளாச்சியில்தான் வாங்க வேண்டுமாம், அதுவும் அவர் சொல்கிற கடையில். மெரூன் ரெண்டு ரோல், பாசிப்பச்சை ரெண்டு ரோல், சந்தனக் கலர் ஒன்று. ரோஸ் கலர் வாங்கினால் திருப்பி அனுப்பிவிடுவாராம். டீச்சரிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை சந்தை அன்று கூட்டமாக இருக்கும், வெள்ளிக்கிழமை போகிறேன் என்றிருக்கிறாள்.