ரிம்மின் பின்பக்கத்தையும் வாசியுங்கள்: டயர் நாட்குறிப்பு

ஜூன் 3

டொயோட்டா அக்வா காரில் வரும் ஓர் டயர் அளவு 175/65ஆர்15 84எஸ். ஆர் என்பது ரேடியல் டயர், எஸ் என்பது வேக எல்லைக் குறி. 175 என்பது அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது அந்த அகலத்தில் 65 சதவீதம், அதாவது பக்கச்சுவர் 113.75 மி.மீ. ரிம் 15 அங்குலம், 381 மி.மீ. மேலும் கீழும் பக்கச்சுவரைக் கூட்டினால் முழு உயரம் 608.5. டயர் மாற்றும்போது கைவிடக்கூடாத எண் இதுதான்.

84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும். 82 என்றால் 475. விலை குறைவென்று இதில் இறங்க வேண்டாம்.

ஜூன் 5

"ரிம் 15 தானே, 195/65 போடலாம்" என்றால் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 634.5 மி.மீ., 4 சதவீதத்துக்கு மேல் கூடுதல். வேகமானி 100 காட்டும்போது கார் 104இல் ஓடும். அந்த டயருக்குக் குறைந்தது 5.5ஜே ரிம், அதாவது 5.5 அங்குல அகல ரிம் வேண்டும். அக்வாவின் ரிம் 5ஜே. 185/60ஆர்15 என்றால் 603 மி.மீ., ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை, 5ஜே ரிம்மிலும் உட்காரும். தாராளமாகப் போடலாம்.

ஜூன் 8

கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஜப்பான் காரில் கழற்றிய நல்ல அலாய் ரிம் கிடைக்கிறது. வாங்குங்கள், ஆனால் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். ஹொண்டா ஃபிட் ரிம்மும் அக்வா ரிம்மும் நட்டுக்கு நான்கு துளை, அவை அமைந்த வட்டம் 100 மி.மீ. மாட்டினால் ஏறிவிடும், சிக்கலும் அங்கேதான். ஹொண்டா ரிம்மின் நடுத்துளை 56.1, டொயோட்டா ஹப், அதாவது ரிம் பூட்டும் அச்சின் நடு மேடு, 54.1. இடையில் 2 மி.மீ. தளர்வு. பெலன்ஸ் மெஷின் ரிம்மைக் கூம்பால் நடுவில் பிடிப்பதால் எல்லாம் சரியென்று காட்டும். நெடுஞ்சாலையில் 80ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்கும். அந்த இடைவெளியை நிரப்பும் வளையமான ஹப் ரிங், 56.1க்கு 54.1 அளவில், போட்டால் தீர்ந்தது. மறுபக்கம், டொயோட்டா ரிம் ஹொண்டா ஹப்பில் ஏறவே ஏறாது.

நட்டையும் பாருங்கள். ஹொண்டா கம்பனி ரிம்மில் நட் உட்காரும் இடம் கிண்ணம்போல் வளைந்திருக்கும். அதில் கூம்பு நட்டை இறுக்கினால் மெல்லிய கோட்டில் மட்டும் பிடித்து, நாளாக ஆகத் தளரும். ரிம்மோடு ஹொண்டா நட்டையும் கேட்டு வாங்குங்கள். ஹொண்டா, டொயோட்டா இரண்டுக்கும் புரி 12x1.5தான்: விட்டம் 12 மி.மீ., புரி இடைவெளி 1.5 மி.மீ. சுசுகி வேகன் ஆருக்கு 12x1.25. டொயோட்டா நட்டை அதில் ஏர் கன்னால் ஏற்றினால், நட் ஏறும் ஹப் போல்ட்டான ஸ்டட்டின் புரி போய்விடும். முதல் நான்கைந்து சுற்றைக் கையாலேயே முறுக்குங்கள்.

அடுத்தது ஈடி: ரிம் அகலத்தின் நடுக்கோட்டுக்கும் ரிம் ஹப்பில் படும் முகத்துக்கும் இடையிலான தூரம், மில்லிமீற்றரில். 5ஜே ஈடி39க்குப் பதில் 6ஜே ஈடி45 போட்டால் ரிம் உள்ளே 18.7 மி.மீ., வெளியே 6.7 மி.மீ. நகரும். வெளியே நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே ஷொக் அப்சோபரில் உரசக்கூடும். பூட்டியதும் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, கைவிரல் நுழையும் இடைவெளி உண்டா என்று தடவிப் பாருங்கள்.

ஜூன் 14

டயர் பக்கச்சுவரில் டொட் (DOT) என்று தொடங்கும் குறியின் கடைசி நான்கு இலக்கம் 2319 என்றால், அது தயாரானது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பட்டன், அதாவது தரையில் படும் பக்கத்தின் பள்ளம், ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருந்தால் மழையில் கொழும்பு–காலி வீதியில் பிரேக் சரியாகப் பிடிக்காது.

டொயோட்டா நட்டை 103 நியூட்டன் மீற்றருக்கு, குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள். புது ரிம் என்றால் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி டோர்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் சாவி) வையுங்கள்.