வடக்கேரில இப்ப என்ன மீன் கெடக்கு?

தை பொறந்ததுலேருந்து போன் பண்றவன்லாம் ஒரே கேள்விதான் கேக்குறான், "மாப்ள, வடக்கேரில மீன் எப்படி?" திருப்பூர்ல இருக்கவன், சிங்கப்பூர்ல இருக்கவன், எல்லாத்துக்கும் ஊருக்கு வர்ற நாலு நாள்ல ரெண்டு நாள் தூண்டி போட்டாகணும். ஒவ்வொருத்தனுக்கா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிடுறேன், இனிமே கேட்டா இந்த லிங்க்தான் அனுப்புவேன்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஒரத்தநாட்டுக்குத் தெக்க எங்க ஊரு, ஊருக்கு வடக்க இருக்கதால வடக்கேரி, அதுக்கு மேல பேரு கெடையாது. வடுவூர் ஏரி மாதிரி பெருசுல்லாம் இல்ல, கரைய சுத்தி நடந்தா முக்கா மணி நேரம். தண்ணி புது ஆத்துலேருந்து வருது, அதாவது கல்லணைக் கால்வாய், மேட்டூர் அணை வந்த காலத்துல 1934 வாக்குல வந்ததுக்கு நாங்க இன்னும் புது ஆறுன்னுதான் சொல்றோம். அதனால இங்க மீன் கதைன்னா அது மேட்டூர் கதைதான், அணைய தொறந்தா மீன், இல்லன்னா சேறு.

சேறுன்னு சொன்னது சும்மா இல்ல. 2023ல ஜூன் 12 வழக்கம் போல தொறந்தாங்க, ஆனா தண்ணி பத்தாம அக்டோபர் 10லயே மூடிட்டாங்க, மழையும் கைவிட்டுருச்சு, 2024 பங்குனில ஏரி நடுவுல பசங்க கிரிக்கெட் ஆடுனானுங்க. மதகு ஓரம் ஒரு பள்ளம் இருக்கு, அதுல மட்டும் இடுப்பளவு பச்சைத் தண்ணி கெடந்துச்சு. அந்த வருஷம் மேட்டூர் தொறந்ததே ஜூலை 28, எங்களுக்கு தண்ணி எட்டிப் பாக்க ஆவணி ஆயிருச்சு. அதனால இப்ப ஏரில இருக்க மீன் எல்லாமே அதுக்கப்புறம் வந்த கணக்கு, புது வீட்டுக்கு குடிவந்த மாதிரி. பழைய பெரிய கட்லா ஒண்ணு இருக்கு, ஆள் உசரம்னு டீக்கடைல எவனாவது சொன்னா நம்பாதீங்க, 2024ல அது நடந்தா போயிருக்கும்.

முதல்ல குடிவந்தது யாருன்னா ஜிலேபி. அது எங்க வந்துச்சு, அந்த மதகுப் பள்ளத்துல ஒளிஞ்சு கெடந்ததுதான். 1952ல இந்தியாவுக்கு கொண்டு வந்த ஆப்பிரிக்கா மீனு இது, இன்னைக்கு ஜிலேபி இல்லாத குட்டை நம்ம பக்கம் உண்டான்னு சொல்லுங்க. பொட்டை மீன் முட்டைய வாய்க்குள்ளயே வச்சு அடைகாக்குது, குஞ்சு வெளிய வந்தப்புறமும் எதாவது ஆபத்துன்னா வாயத் தொறக்கும், அத்தனையும் உள்ள ஓடிரும். அப்படி வளக்குறதால சாவு கம்மி. இடம் நெருக்கடியாச்சுன்னா ரெண்டு மூணு மாசத்துலயே, விரல் நீளத்துலயே முட்டைக்கு வந்துரும், அதுக்கப்புறம் பெருசாகாது, பெருகத்தான் செய்யும். இப்ப வடக்கேரில அந்த நெலமைதான். மதகுப் பக்கம் மைதா உருண்டைய போட்டீங்கன்னா மிதப்பு நிக்காது, ரெண்டு மணி நேரத்துல ஒரு வாளி, ஆனா ஒண்ணாவது உள்ளங்கைய தாண்டுமாங்குறீங்க, தாண்டாது. புள்ளைங்களோட போறவங்களுக்கு சூப்பர் இடம். வீட்டுல கழுவுறவங்க சாபம் விடுவாங்க, அது வேற விஷயம்.

கட்லா ரோகு மிர்கால் இருக்கு. அது குத்தகைக்காரர் வுட்டது, மீன்பாசி ஏலம் எடுத்தவரு 2025 ஆடில குஞ்சு வாங்கியாந்து வுட்டாரு. இந்த மூணும் வடக்கத்தி ஆத்து மீனுங்க, ஓடுற வெள்ளம் இல்லாம முட்டை போடாது, ஏரில வருஷக்கணக்கா கெடந்தாலும் குஞ்சு பொரிக்காது. 1957 ஜூலை 10ந்தேதி ஒடிசால ஹீராலால் சௌத்ரின்னு ஒரு விஞ்ஞானி ஊசி போட்டு முட்டை வைக்க வச்சாரு, அதுலேருந்துதான் பண்ணைக் குஞ்சு கெடைக்குது, அந்தத் தேதியத்தான் மீன் வளர்ப்போர் தினம்னு கொண்டாடுறாங்க. ஆக ஏரில கட்லா எத்தனைன்னா, அவரு வுட்டது எத்தனையோ அதுல கொக்கும் நீர்க்காக்காவும் தின்னது போக மிச்சம், அவ்வளவுதான். இப்ப அரைக் கிலோ முக்காக் கிலோ வந்துருக்கும். தூண்டில மாட்டுனா அவருகிட்ட சொல்லிட்டு எடுங்க, நல்ல மனுசன், தூண்டிக்காரன்கிட்ட காசு கேக்க மாட்டாரு, ஆனா சொல்லாம எடுத்தா கோவம் வரும், வரணும்ல? சித்திரைல வலை போட்டு எடுத்துருவாரு, அதுக்கு முன்னாடி வாங்க.

இப்ப நீங்கல்லாம் உண்மையா கேக்க வந்த விரால்.

இருக்கு. நான் சும்மா சொல்லல, கண்ணால பாத்தேன். ஆனா அதுக்கு முன்னாடி கொஞ்சம் பொலம்பிக்கிறேன். கஜா அடிச்சுச்சுல்ல, 2018 நவம்பர் 16, கரைல நின்ன தென்னையும் வேலமரமும் ஏரிக்குள்ள சாஞ்சு, இலையெல்லாம் ஊறி அழுவி, ஒரே வாரத்துல தண்ணி டிகாக்சன் மாதிரி ஆயிருச்சு. காலைல போய் பாத்தா கெண்டையெல்லாம் வயித்த மேல காட்டிக்கிட்டு மிதக்குது, நாத்தம் தெரு வரைக்கும். அழுவுற இலை தண்ணில இருக்க ஆக்சிஜன தின்னுரும், அதான். ஆனா விரால், குரவை, தேளி, பனையேறி இதுங்க ஒண்ணுகூட சாகல, ஏன்னா இதுங்க மேல வந்து காத்த நேரா குடிக்கிற சாதி. வறண்ட வருஷத்துல ஈரச் சேத்துக்குள்ள பதுங்கி கெடக்குறதும் இதே கொடுப்பினைலதான். (பனையேறின்னு பேரு சும்மா வைக்கல, நம்ம தரங்கம்பாடில 1791ல டால்டார்ஃப்னு டேனிஷ்காரர் ஒருத்தரு தண்ணிக்கு மேல அஞ்சடி ஒசரத்துல பனைமரப் பொளவுல இந்த மீன் தொத்தி ஏறுனத பாத்தேன்னு எழுதி, 1797ல லண்டன்ல அச்சாயிருக்கு. மரம் ஏறுச்சான்னு இன்னைக்கு வரைக்கும் சண்டை, ஆனா மழைன்னா அது வரப்பு தாண்டி ரோட்டுல நடக்குறத எங்க ஊர்ல சின்னப் பையனும் பாத்துருக்கான்.)

அப்ப கஜாவுக்கே சாகாத விரால் எப்படி காணாம போச்சு? தூர் வார்றேன்னு வந்தாங்கல்ல, அதுல போச்சு. ஏரிய ஆழப்படுத்துறது தப்புன்னு நான் சொல்லல, ஆழம் வேணும்தான். ஆனா பொக்லைன் காரன் கரையோரத்துல இருந்த மேட்டையும் கோரையையும் சேத்து வழிச்சு, நாலு பக்கமும் செவுரு மாதிரி வெட்டி, ஏரிய தொட்டி ஆக்கிட்டுப் போயிட்டான். விரால் முட்டை போடுறது முழங்கால் தண்ணில, கோரைய ஒதுக்கி சட்டி மாதிரி ஒரு இடம் பண்ணி. அந்த முழங்கால் தண்ணியே இல்லன்னா எங்க போயி போடும்? அதுக்கப்புறம் நாலு வருஷம் நான் ஒரு விரால் குஞ்சு பாக்கல. தப்பிச்சது ஒரே இடம், வடமேற்கு மூலைல ஐயனார் கோயிலுக்கு எதுக்க ஒரு அரைக்கா பாகம், அங்க மிசினு இறங்கக்கூடாதுன்னு ஊர்ல ஒத்தக்கால்ல நின்னாங்க, சாமிக்காக நின்னாங்க, மீனுக்காக இல்ல, இருந்தாலும் நல்லதாப் போச்சு.

அந்த மூலைலதான் போன கார்த்திகைல பாத்தேன். மழை வுட்ட நேரம், தண்ணி அசையாம கண்ணாடியா கெடக்கு, ஒரு தாம்பாளம் அளவு இடம் மட்டும் உலை கொதிக்கிற மாதிரி குமிழி வுடுது. கிட்டக்க போய் குந்திப் பாத்தா, செங்காவி நெறத்துல நெல்லு நீளம் குஞ்சுங்க, ஆயிரம் இருக்கும்னு வைங்க, எல்லாம் ஒண்ணா மேல வந்து காத்து குடிச்சுட்டு ஒண்ணா கீழ போவுது, மறுபடி மேல. அதுக்கு ஒரு முழம் கீழ கருப்பா ஒரு முதுகு, அசையவே இல்ல. என் நெழல் தண்ணில விழுந்ததும் அந்த முதுகு லேசா திரும்புச்சு பாருங்க, எனக்கே ஒரு அடி பின்னாடி போவத் தோணுச்சு. மார்கழில இன்னொரு கூட்டம் பாத்தேன், மிச்சத் தண்ணி வழிஞ்சு போற கலுங்குக்குப் போற வழில. 2024 வறட்சில சேத்துக்குள்ள கெடந்தது கொஞ்சமும் வாய்க்கால்ல வந்தது கொஞ்சமும்னு நெனைக்கிறேன், 2025ல மேட்டூர் ஜூன்லயே 120 அடி தொட்டு வருஷம் பூரா தண்ணி நின்னதுல கோரையும் நல்லா வந்துருக்கு.

இப்ப வேண்டுகோள். குஞ்சோட நிக்கிற விரால புடிக்கிறது ரொம்ப சுலபம், குஞ்சுக் கூட்டத்துல தவளைய வுட்டா போதும். பெரியப்பா சின்ன வயசுல அப்படி எக்கச்சக்கமா புடிச்சவரு, அவரே இப்ப திட்டுறாரு, "அது பசிக்காடா கடிக்குது, புள்ளைய தொட்டான்னு கடிக்குது, அதப் போயி புடிச்சேன்னு பெருமை பேசுறியே." அது சரி, பாவ புண்ணியம் தள்ளி வச்சுட்டு கணக்குப் பாத்தாலும், தாய் தகப்பன தூக்குன அரை மணி நேரத்துல ஜிலேபியும் கெண்டையும் அந்த ஆயிரத்தையும் நக்கிட்டு போயிரும். சந்தைல விரால் கிலோ அறுநூறுக்கு மேல சொல்றாங்க, ஆசை இருக்கும், இருந்தாலும் ஐயனார் மூலைய இந்த ஒரு வருஷம் வுட்டுருங்கப்பா.

வேற எங்க போடுறது? மேற்குக் கரைல நெய்வேலி காட்டாமணக்கு மண்டிக் கெடக்கே, அதோட ஓரம். அதுக்குள்ள தூண்டி சிக்குனா அறுத்துட்டு வர வேண்டியதுதான், அதனால பின்னல் நரம்பா போடுங்க, சாதா தங்கூசி, அதான் நைலான் நரம்பு, தாங்காது. ஆன்லைன்ல விக்கிற ரப்பர் தவளை நல்லாத்தான் வேலை செய்யுது, நான் முதல்ல சிரிச்சேன், தம்பி அதுலயே ஒரு கிலோவுக்கு மேல ஒண்ணு எடுத்து என் வாய அடைச்சுட்டான். ஆனா மீன் இழுத்த உடனே வெட்டாதீங்க, அதாவது தூண்டிய சட்டுன்னு சுண்டாதீங்க, விரால் 'டப்'புன்னு அடிச்சதும் கை தானா தூக்கும், தூக்குனா தவளை மட்டும் பறந்து வந்து மூஞ்சில அடிக்கும். மனசுக்குள்ள ரெண்டு எண்ணிட்டு வெட்டுங்க. நேரம்னா இப்ப பனி இருக்கதால விடியக்காலம் வேஸ்ட், ஒம்பது மணிக்கு வெயில் ஏறி தண்ணி சுட்டப்புறம் பதினொன்னு வரைக்கும், அப்பறம் சாயங்காலம் நாலு மணிக்கு மேல. ஜனவரி 28 மேட்டூர் மூடுற கணக்கு, அதுக்கப்புறம் வரத்து நின்னு தண்ணி தெளிஞ்சு வத்த ஆரம்பிக்கும், மாசி பங்குனிதான் சரியான காலம், மீனெல்லாம் ஒதுங்கி ஒரு எடத்துக்கு வந்துரும்.

கெளுத்தி கேப்பீங்க. நாட்டுக் கெளுத்தி சின்னச் சின்னதா ராத்திரி மண்புழுவுக்கு வருது, வாய்க்கால் வாயில. ஆனா போன மாசம் எனக்கு மாட்டுனது ஆப்பிரிக்கக் கெளுத்தி, நாலு கிலோ, இழுத்துக் கரைல போட்டப்புறமும் ஒரு மணி நேரம் உயிரோட மொறச்சுக்கிட்டு கெடந்துச்சு. 2000லயே அரசாங்கம் வளக்கக் கூடாதுன்னு தடை போட்டது, எவனோ எங்கேயோ வளத்து, வெள்ளத்துல தப்பிச்சு இங்க வந்துருக்கு. வாய்ல எது நுழையுதோ அது இரை அதுக்கு, விரால் குஞ்சும் சேத்துதான். மாட்டுனா தயவு பண்ணி திருப்பி வுடாதீங்க.

இன்னொண்ணு, தேளி. கருப்பா ஒல்லியா வழவழன்னு இருக்கும், இருட்டுல விரால் குட்டின்னு நெனச்சு கைய வைக்காதீங்க. நான் வச்சேன். செவுள் பக்கத்து முள்ளுல விஷம் உண்டு, கட்டை விரல்லேருந்து முழங்கை வரைக்கும் தீ வச்ச மாதிரி, பொம்பளைங்க முன்னாடி அழக்கூடாதுன்னு வாய்க்கால் வரைக்கும் நடந்துபோயி அழுதேன். அம்மா பொறுக்குற சூட்டுல வெந்நீர்ல கைய முக்கி வச்சாங்க, அரை மணி நேரத்துல கொஞ்சம் அடங்குச்சு, வீக்கம் வடிய ரெண்டு நாள். அடுத்த வாரம் அதே தேளிய கொழம்பு வச்சு தின்னேன், அந்த ருசிக்கு இன்னொரு தடவ குத்து வாங்கலாம் போல இருந்துச்சு.

வர்றவன் முன்னாடியே சொல்லிட்டு வாங்க, மண்புழு சாணிமேட்டுல தோண்டி வைக்கிறேன். பிளாஸ்டிக் கவரையும் அந்த பாட்டிலையும் கரைல போட்டுட்டுப் போறவன் பேர அடுத்த போஸ்ட்ல எழுதுவேன். ஜிலேபி புடிச்சா அவனவன் அவனவன் வீட்டுக்கு கொண்டு போயிருங்க, போன தடவ மூணு வாளிய எங்க வீட்டு வாசல்ல வச்சுட்டு பஸ் ஏறிட்டானுங்க, அம்மா இன்னும் கேட்டுக்கிட்டு இருக்காங்க அது யாருன்னு.