வகுப்பெடுத்துக்கொண்டே நெட் தேர்வில் தேறிய அனுபவம்

எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டுச் சுயநிதிப் பிரிவில் பாடம் எடுக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "அக்கா, வேலைய விட்டுட்டு நெட்டுக்குப் படிக்கட்டுமா?" நெட் என்பது கல்லூரி உதவிப் பேராசிரியர் வேலைக்கான தேசியத் தகுதித் தேர்வு. வீட்டு நிலைமை ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் முடிந்தவரை விடாதீர்கள் என்றுதான் சொல்வேன். நான் வேலையில் இருந்தபடியேதான் தேறினேன். வகுப்பறை இல்லாமல் போயிருந்தால் பாடத்துக்கான பேப்பர் டூவில் சில யூனிட்கள் எனக்குக் கடைசிவரை பிடிபட்டிருக்காது.

நெல்லைப் பக்கம் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஷிஃப்டில் எனக்கு வேலை. மதியத்துக்கு மேல்தான் வகுப்பு, காலை நேரம் என் கையில். சம்பளம் குறைவு. எடுத்தது பெரும்பாலும் பார்ட் டூ ஆங்கிலம். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலான பட்டப்படிப்புகளுக்கு பார்ட் ஒன் தமிழ் அல்லது வேறொரு மொழி, பார்ட் டூ ஆங்கிலம் உண்டு. அதனால் ஆங்கிலத் துறையில் வேலை பார்ப்பவருக்கு இலக்கிய மாணவர்களைவிட பி.காம்., கணிதம், கணினி மாணவர்கள்தான் அதிகம் வாய்ப்பார்கள். என் வகுப்பில் பாதிக்கு மேல் தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள். இலக்கணப் பயிற்சியில் சரியான வினைச்சொல்லைப் போட்டுவிடுவார்கள். நேற்று என்ன செய்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டால் தலை குனிந்துவிடும். அது என்னை ரொம்ப நாள் அரித்துக்கொண்டே இருந்தது.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 150 கேள்விகள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். எல்லோருக்கும் பொதுவான பேப்பர் ஒன்னில் 50, அவரவர் பாடத்துக்கான பேப்பர் டூவில் 100. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் எதையும் காலியாக விடக் கூடாது. பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 35 சதவீதம் குறைந்தபட்சம் வேண்டும். அது மட்டும் போதாது. தேர்வு எழுதியவர்களில் 6 சதவீதம் பேர்தான் தகுதி பெறுவார்கள் என்பதால் கட்-ஆஃப் அந்தக் குறைந்தபட்சத்துக்கு மேலே நிற்கும்.

ஆங்கிலத்துக்குப் பாடத்திட்டம் 10 யூனிட். ஐந்தாவது யூனிட், மொழியும் மொழி கற்பித்தலும். பலர் இதை வறட்டு யூனிட் என்று கடைசிக்குத் தள்ளுவார்கள். எனக்கு அதுதான் முதலில் கைகொடுத்தது. அதைப் படிக்கும்போதுதான் ஆங்கிலம் கற்பித்தல் அறிஞர் என். எஸ். பிரபுவைப் பற்றித் தெரிந்துகொண்டேன். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னைப் பள்ளிகளில் அவர் ஒரு திட்டத்தை நடத்தியிருக்கிறார். இலக்கண விதியை முதலில் சொல்லிக்கொடுக்காமல் பிள்ளைகளிடம் ஒரு வேலையைக் கொடுப்பது. அதை முடிக்கிற முயற்சியில் மொழி தானாகப் படியும் என்பது அவர் வாதம். உலகம் முழுக்க இன்று பேசப்படும் ஒரு கற்பித்தல் முறைக்கு நம் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் தொடக்கக் களமாக இருந்திருக்கின்றன. படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த வாரமே பி.காம். முதலாண்டு வகுப்பில் செய்து பார்த்தேன். திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகும் பேருந்து நேரங்களை ஒரு தாளில் எழுதி இரண்டாகப் பிரித்தேன். ஆலங்குளம் வரைக்கும் ஒருவரிடம், பாவூர்சத்திரம் தாண்டி இன்னொருவரிடம். தென்காசியில் காலை பத்து மணிக்கு நேர்காணல், எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும்? தாளைக் காட்டக் கூடாது, ஆங்கிலத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் ஐந்து நிமிடம் அமைதி. அப்புறம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், வாக்கியம் உடைந்து உடைந்து வந்தாலும், கேட்டான். பக்கத்திலிருந்தவன் பதில் சொன்னான். மணி அடித்தபோது வகுப்பே சத்தமாக இருந்தது. வாசலில் வந்து நின்ற பேராசிரியர் ஒருவருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு இலக்கண–மொழிபெயர்ப்பு முறை, தாய்மொழி கலக்காத நேரடி முறை, கேட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகும் ஆடியோலிங்குவல் முறை, கற்றல் பற்றி எழுதிய கிராஷென், வைகோட்ஸ்கி எதையும் நான் மனப்பாடம் செய்யவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு வகுப்பில் வைத்துப் பார்த்தேன். பொருத்துக கேள்வியில் பெயரும் முறையும் கலந்து கிடந்தால், கை தானாகச் சரியானதைத் தேடிப் போகும்.

ஆறாவது யூனிட் இந்தியாவில் ஆங்கிலம். "ஏன் மேம், நாங்க பி.காம். தானே, எங்களுக்கு எதுக்கு இங்கிலீஷ்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆங்கிலக் கல்வியை வலியுறுத்திய 1835இன் மெக்காலே குறிப்பு, பல்கலைக்கழகங்களைப் பரிந்துரைத்த 1854இன் உட் அறிக்கை, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம், 1965 மொழிப் போராட்டம், 1968இல் சட்டமன்றத்தில் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் என்று ஒரு மணி நேரம் அந்த வகுப்பிலேயே சொன்னேன். பிள்ளைகளுக்கு விளங்கும்படி சொல்லிவிட்டால் ஆசிரியருக்கு அது மறக்காது.

இலக்கியப் பகுதியில் கால வரிசைக் கேள்விகள் நிறைய வரும். பலர் ஆண்டுகளைப் பட்டியல் போட்டு உருப்போடுகிறார்கள். காரணம் தெரிந்தால் அந்தப் பாடு தேவையில்லை. உள்நாட்டுப் போர் வந்ததால் 1642இல் லண்டன் நாடக அரங்குகள் மூடப்பட்டன, மன்னராட்சி திரும்பியதும் 1660இல் திறந்தன. இது புரிந்தவர் அந்த இடைவெளியில் எந்த நாடகாசிரியரையும் வைக்க மாட்டார். வீட்டுச் சுவரில் நீளமாகத் தாள் ஒட்டி, வகுப்பில் நடத்திய ஒவ்வொரு கவிதையையும் அதன் இடத்தில் எழுதி வந்தேன்.

இலக்கியக் கோட்பாடுதான் கடினம். அதற்குக் காலை நேரத்தை முழுதாகக் கொடுத்தேன். ஒரு வரிக் குறிப்புகள் உள்ள கைடுகளைத் தள்ளிவைத்து மூலக் கட்டுரைகளையே படித்தேன். பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் எழுதிய 'படைப்பாசிரியரின் மரணம்' கட்டுரை சில பக்கம்தான். அதைச் சுருக்கிச் சொல்லும் கைடைவிட அவரே தெளிவு. பத்தியும் கவிதையும் கொடுத்துக் கேட்கும் கேள்விகளுக்கும் இந்த வாசிப்புப் பழக்கம் உதவியது.

பேப்பர் ஒன்னுக்கு விகிதம், சதவீதம், தரவு விளக்கம் மூன்றையும் கணிதத் துறை அக்கா ஒருவர் மதிய உணவு வேளையில் சொல்லிக்கொடுத்தார். மற்றவை பழைய வினாத்தாள்களைப் போட்டாலே வந்துவிடும்.

தேறிய பிறகு வேறொரு கல்லூரியில் நேர்காணல். டெமோ வகுப்புக்கு என்ன வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றார்கள். கவிதை எடுக்காமல் பேருந்துத் தாளையே எடுத்தேன், குழுவில் இருந்தவர்களையே ஜோடியாகப் பிரித்து. வேலை கிடைத்தது. அதற்குப் பின் பல்கலைக்கழகத்தின் தகுதி ஒப்புதல் வாங்க வேண்டும். இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள்: நெட் விண்ணப்பத்தில் இனிஷியல் எப்படி இருக்கிறதோ, பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பட்டச் சான்றிதழிலும் அப்படியே இருக்க வேண்டும். புள்ளியோ அப்பா பெயரின் விரிவோ மாறினால் கோப்பு திரும்பி வரும். விண்ணப்பிக்கும் முன்பே சரிபார்த்துவிடுங்கள்.