மகளைப் பெற்றவளோடு எவ்வளவு தொடர்பு வைப்பது?

மகவேற்புக்கு, அதாவது பிள்ளையைத் தத்தெடுக்க, விண்ணப்பித்தபோது சட்டப் பகுதி எங்களைக் குழப்பவில்லை. இலங்கையின் 1941ஆம் ஆண்டு மகவேற்புக் கட்டளைச் சட்டப்படி, வளர்ப்பவருக்கு 25 வயதாவது ஆகியிருக்க வேண்டும். பொதுவாகப் பிள்ளையைவிட 21 வயது மூத்தவராகவும் இருக்க வேண்டும். நன்னடத்தை உத்தியோகத்தர் வீடு வந்து விசாரித்து அறிக்கை கொடுத்தார். மாவட்ட நீதிமன்றம் கட்டளை பிறப்பித்தது. பெற்றவளோடு என்ன உறவு என்பதை மட்டும் நாங்களே தீர்மானிக்க வேண்டியிருந்தது.

மாமியார், பிள்ளைக்கு எதுவுமே தெரிய வேண்டாம் என்றார். அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் எந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) எந்தப் பிள்ளை பிறந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். நாம் மறைத்தால் பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள். பரம்பரை நோய் உண்டா என்று மருத்துவர் கேட்டால் பதிலும் இருக்காது. 1980களில் இந்நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொடுக்கப்பட்ட குழந்தைகளில் பலர், பெரியவர்களாகி இங்கே வந்து தாயைத் தேடுகிறார்கள். பத்திரத்தில் இருப்பது பொய்ப் பெயர் என்று அறிந்து உடைந்துபோகிறார்கள். என் மகளுக்கு அது வரக்கூடாது.

அப்படியானால் பெற்றவள் வீட்டுக்கே வந்துபோகட்டும் என்றார் கணவர். நீதிமன்றத்தில் சம்மதம் சொன்ன அந்தச் சின்னப் பெண்ணின் முகத்தை நான் பார்த்திருந்தேன். நாளைக்கு அவளுக்குக் கல்யாணமாகலாம்; புருஷன் வீட்டாருக்கு இது தெரியாமலிருக்கலாம். நம் வாசலுக்கு அவள் வந்தால் கேள்வி கேட்பது ஊர், அடிபடுவது அவள். உறவுக்காரர்கள் பணம் கேட்டு வரத் தொடங்கினால், பிள்ளைக்கு விலை பேசியதுபோல ஆகிவிடும் என்ற அச்சமும் எனக்கு இருந்தது.

கடைசியில் ஓய்வுபெற்ற தோட்டத்து மருத்துவிச்சி ஒருவர் மூலம் கடிதமும் படமும் அனுப்புவது என்று முடிவாயிற்று. பெற்றவளும் அதையே கேட்டிருந்தாள். இதிலும் குறையுண்டு. அந்த மருத்துவிச்சி நோயில் படுத்தபோது கடிதங்கள் நின்றுவிட்டன. பெற்றவள் எங்களை மறந்துவிட்டாளோ என்று மகள் அழுதாள். சமாதானம் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. இப்போது மருத்துவிச்சியின் மகளிடமும் இரு வீட்டு விலாசங்களைக் கொடுத்திருக்கிறோம். பெற்றவள் குடும்பத்தின் நோய் விபரத்தைக் கேட்டு எழுதி, நீதிமன்றக் கட்டளையோடு வைத்திருக்கிறேன். மகள் பெற்றவளை நேரில் பார்க்க வேண்டும் என்கிறாள். பெற்றவளிடம் கேட்டு எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.