டாலா கோயில் டிவியும் ஒரு டிபி ஹார்ட் டிஸ்கும்

ரங்கூனுக்கு ஆற்றின் அக்கரையில் உள்ள டாலாவில் எங்கள் அம்மன் கோயிலின் அன்னதானக் கூடத்தில் ஒரு பழைய தட்டை டிவி இருக்கிறது. வீடு மாற்றிய குடும்பம் ஒன்று கொடுத்துவிட்டுப் போனது. பந்தி நடக்கும்போது அதில் பழைய தேரும் கரகமும் தீமிதியும் ஓடவேண்டும் என்பது தலைவர் ஐயாவின் ஆசை. அந்தப் படங்கள் எல்லாம் என்னிடம்தான் கிடந்தன. ரங்கூனில் நகல் எடுக்கும் கடை வைத்திருப்பவனுக்குக் கணினியும் தெரிந்திருக்கும் என்பது ஊரார் கணக்கு. புது 1 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கி, எல்லாவற்றையும் ஏற்றி, பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பான்சோடான் துறையில் படகு ஏறினேன்.

டிவி அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. துளையில் எதுவுமே சொருகப்படாதது போல நீலத் திரையைக் காட்டிக்கொண்டு நின்றது. பூசாரியின் மகன் தன் 16 ஜிபி பென் டிரைவைக் கொண்டுவந்து சொருகினான். உடனே படம் ஓடியது. "அண்ணே, உங்களுடையது பழுது" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டான். அந்தப் பென் டிரைவை இரவல் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். கணினியில் இரண்டின் பண்புகளையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. அவனுடையது ஃபேட்32. என்னுடையது என்டிஎஃப்எஸ். இரண்டும் கோப்பு முறைகள், அதாவது டிஸ்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஒழுங்குகள்.

ஃபேட்32 என்பது 1996இல் விண்டோஸ் 95இன் திருத்திய பதிப்பு ஒன்றோடு வந்த கோப்பு முறை. கிழடுதான். ஆனாலும் கேமரா, காரில் இருக்கும் பாட்டுப்பெட்டி, பழைய டிவி எல்லாவற்றுக்கும் வாசிக்கத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான். அப்படியானால் என் டிஸ்கையும் அதற்கு மாற்றிவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன்.

வலது கிளிக் செய்து, டிஸ்கைத் துடைத்துப் புது ஒழுங்குக்கு மாற்றும் விண்டோஸின் ஃபார்மட் ஜன்னலைத் திறந்தால், பட்டியலில் என்டிஎஃப்எஸ் இருக்கிறது, எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு முறை இருக்கிறது, ஃபேட்32 இல்லை. பென் டிரைவுக்குத் திறந்தால் இருக்கிறது. சரி, கறுப்புத் திரையில் கட்டளையாகவே கொடுத்துப் பார்ப்போம் என்று தட்டினேன். அது மறுப்புச் சொல்லாமல் சதவீதம் எண்ணத் தொடங்கியது. மறுக்கவில்லை என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

என் மடிக்கணினியில் இருப்பது யுஎஸ்பி 2.0 துளை. நொடிக்கு 30 எம்பி போனால் பெரிய காரியம். பத்து லட்சம் எம்பியை 30ஆல் வகுத்துப் பாருங்கள்: ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வரும். எங்கள் தெருவிலோ அப்போது மின்சாரம் நாலு மணி நேரம் இருக்கும், நாலு மணி நேரம் போகும். கார் பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் இழுத்துவந்து மேசைக்கு அடியில் வைத்தேன். மின்விசிறியைக்கூடப் போடவில்லை, பேட்டரி டிஸ்குக்கு வேண்டும். மாலை ஐந்தரைக்குத் தொடங்கியது. கொசுவலைக்குள் இருந்து அரைமணிக்கு ஒருமுறை தலையை நீட்டிச் சதவீதத்தைப் பார்ப்பேன். விடிகாலை மூன்று மணி வாக்கில் நூறைத் தொட்டது. அடுத்த வரியில், இந்த டிஸ்க் ஃபேட்32க்கு மிகப் பெரியது என்று வந்தது. அவ்வளவுதான்.

துரித ஃபார்மட்டுக்கான ஓர் எழுத்தை நான் கட்டளையில் சேர்த்திருந்தால் இதே பதில் கொஞ்ச நேரத்திலேயே கிடைத்திருக்கும். முழு ஃபார்மட்தான் நல்லது என்று எங்கோ கேட்டது மனதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

காலையில் சிங்கப்பூரில் இருக்கும் அக்காள் மகனை அழைத்தேன். சிரித்து முடித்துவிட்டுத்தான் பேசினான். "மாமா, ஃபேட்32 அவ்வளவு சின்னது இல்லை. டிஸ்கின் வழக்கமான 512 பைட் பிரிவுகளை வைத்துக்கொண்டாலே 2 டிபி வரை தாங்கும். 32 ஜிபிக்கு மேல் தராதது விண்டோஸின் ஃபார்மட் கருவி போட்ட கோடு." அந்த ஃபார்மட் ஜன்னலை 1994இல் எழுதியவர் டேவ் பிளம்மர் என்ற நிரலாளர். புதிதாக ஒன்று வரும்வரை இருக்கட்டும் என்று தற்காலிகமாகச் செய்தது அது என்றும், எவ்வளவு இடம் வீணாகலாம் என்று தான் எடுத்த முடிவிலிருந்துதான் 32 ஜிபி வந்தது என்றும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தற்காலிகக் கொட்டகை முப்பது ஆண்டு நிற்பது நமக்குப் புதிதா என்ன? 2024 ஆகஸ்டில் விண்டோஸ் 11இன் சோதனைப் பதிப்பு ஒன்றில் கட்டளை வழியாக 2 டிபி வரை அனுமதித்தார்கள். என்னிடம் இருந்தது அதற்கு முந்தையது.

அவன் சொன்னபடி ரிட்ஜ்கிராப் என்பவர்கள் இலவசமாகத் தரும் சின்னக் கருவியை இறக்கினேன். எங்கள் இணைய வேகத்துக்கும் அது ஒரு பொருட்டில்லை. ஒரே ஒரு ஜன்னல். அதில் டிஸ்கைக் குறிக்க விண்டோஸ் வைக்கும் D, E போன்ற எழுத்து, டிஸ்கின் இடத்தைப் பிரிக்கும் துண்டின் அளவு, தொடங்கு பொத்தான். எழுத்தை மட்டும் இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள், தவறான டிஸ்க் என்றால் மன்னிப்பே கிடையாது. துண்டின் அளவாக 32 கேபி வைத்தேன். 64 கேபியும் உண்டு, ஆனால் சில பழைய கருவிகள் அதை வாசிக்கத் திணறுமாம். தொடங்கினேன். தேநீர்க் கோப்பையை வாயருகே கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

நம்பிக்கை வராமல் கணக்குப் போட்டேன். 1 டிபியை 32 கேபித் துண்டுகளாக்கினால் சுமார் மூன்று கோடித் துண்டுகள். துண்டுகளின் கணக்கை வைக்கும் அட்டவணை, துண்டுக்கு 4 பைட் வீதம், 122 எம்பி. பாதுகாப்புக்கு அதன் இன்னொரு பிரதி. ஆக, எழுதவேண்டியது 244 எம்பிதான். அந்தப் பழைய துளையிலும் அது எட்டு நொடி வேலை. ஒன்பது மணி நேரம் காலி வயலை உழுதிருக்கிறேன்.

டிவி இப்போதும் முரண்டு பிடித்தது. டிஸ்க் 'டிக், டிக்' என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தது. அது கோப்பு முறையின் குற்றமில்லை, டிவியின் துளை தரும் மின்சாரம் டிஸ்கின் மோட்டாருக்குப் போதவில்லை. இரண்டு தலையுள்ள கேபிள் ஒன்று வாங்கி, ஒரு தலையை டிவியிலும் மற்றதைச் சுவரில் இருந்த சார்ஜரிலும் சொருகியதும் சுற்றத் தொடங்கியது.

இந்தக் கேபிள் ஒரு பாடமும் படிப்பித்தது. வீட்டில் படங்களை ஏற்றும்போதும் அதே ஏற்பாட்டை வைத்திருந்தேன். பாதியில் மின்சாரம் போனது. மடிக்கணினி பேட்டரியில் பிழைத்துக்கொண்டது, டிஸ்க் விழுந்துவிட்டது. ஃபேட்32க்கு எழுதும் வேலையைக் குறித்துவைக்கும் நாட்குறிப்பு கிடையாது. பாதியில் நின்றால் எங்கே நின்றது என்று அதற்கே தெரியாது. சரிபார்க்கும் கட்டளையை ஓட்டினால், ஒரு கரக ஊர்வலம் பெயரிழந்து, எண் மட்டும் போட்ட துண்டுக் கோப்புகளாக வேறொரு அடைவில் கிடந்தது. மூலப் பிரதி வேறு டிஸ்கில் இருந்ததால் தப்பித்தேன். மின்வெட்டு உள்ள ஊரில் ஒரே பிரதியை ஃபேட்32இல் வைப்பவரை நான் தடுப்பேன்.

கடைசித் தடை தீமிதிப் படம். 6 ஜிபி. ஃபேட்32இல் கோப்பின் அளவை எழுத 32 பிட் இடம்தான் உண்டு. அதனால் 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவாக இருந்தால்தான் உள்ளே விடும். பழைய கேமராக்கள் நீளமான படத்தைத் தாங்களாகவே 4 ஜிபிக்கு ஒருமுறை உடைப்பதும் இதனால்தான் என்று அன்றுதான் உறைத்தது. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச நிரலைக் கொண்டு, படத்தை மறுபடி குறியாக்காமல் அப்படியே, சரிபாதியில் வெட்டினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

திருவிழா அன்று கூடம் நிறைந்திருந்தது. பூங்கரகம் தலையில் ஏறிவிட்டது, பூசாரி குழியின் விளிம்புக்கு வந்துவிட்டார், முதல் அடிக்குக் காலைத் தூக்கினார். திரை நீலமானது. இலையில் கைவைத்திருந்த பாட்டி ஒருவர் "ஐயோ, ஆத்தா!" என்று கத்தினார். டிவி அடுத்த கோப்பைத் தானாக எடுக்கவில்லை. நான் ரிமோட்டைத் தேடி ஓடினேன்.

"வெட்டுவதற்கு வேறு இடமே கிடைக்கவில்லையா தம்பி?" என்றார் தலைவர் ஐயா.

மறுநாள் இரவே அந்த வெட்டை, மேளக்காரர் வாரை இறுக்கித் தட்டிப் பார்க்கும் இடத்துக்கு நகர்த்திவிட்டேன்.