ஓடாத வண்டிதான் சீக்கிரம் கெடும்: 2011 ஆடி டிடி பராமரிப்புப் பதிவு

வண்டி 2011 மாடல் ஆடி டிடி கூபே. 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல், 211 குதிரைத்திறன், ஆறு கியர் இரட்டைக் கிளட்ச், நான்கு சக்கரமும் இழுக்கும் குவாட்ரோ. மதுரையில் மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு ஷெட்டில் நிற்கிறது. வேலை தொடங்கும்போது மீட்டர் 68,000; இப்போது 91,000. இடையில் செய்தவை, பலன் தந்தவை, இன்னும் பாக்கி உள்ளவை எல்லாம் இதில்.

"இந்த மாதிரி வண்டி எத்தனை வருஷம் தாங்கும்?" என்று கேட்பவர்களுக்கு நேரடிப் பதில்: ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் இந்த எஞ்சினின் இரும்பும் அலுமினியமும் 2.5 லட்சம் கி.மீ. போகும். ஆனால் நம் ஊரில் ஸ்போர்ட்ஸ் கார் அந்த எண்ணைத் தொடுவதே இல்லை. பத்து வருஷத்தில் 50,000 கூட ஓடாமல், உறை போர்த்தி நின்ற இடத்திலேயே வீணாகிறது. ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் பிரேக் ஆயிலுக்கும் மீட்டர் தெரியாது, காலண்டர்தான் தெரியும். அமெரிக்காவின் இர்வ் கார்டன் தன் 1966 வோல்வோ பி1800-ஐ 30 லட்சம் மைலுக்கு மேல் ஓட்டினார். அது எளிமையான எஞ்சின்; இன்றைய டர்போ காருக்கு அந்த எண்ணிக்கையை எதிர்பார்க்க முடியாது. தினமும் சூடேறி ஓடிய வண்டி என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

அதனால் முதல் மாற்றம் ஓட்டும் முறையில். கோரிப்பாளையம், சிம்மக்கல் என்று 3 கி.மீ. ஊர்ந்துவிட்டு அணைப்பது இந்த எஞ்சினுக்கு விஷம். கூலன்ட் 90 டிகிரிக்கு வந்தாலும் ஆயில் சூடேற அதைப்போல் இருமடங்கு நேரம் ஆகும். நேரடி ஊசி (பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும்) எஞ்சினில் குளிர்ந்த நேரத்தில் பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் கலக்கும். ஆயில் சூடேறினால்தான் அது ஆவியாகும். வாரம் ஒருமுறை நான்குவழிச் சாலையில் மேலூர் வரை போய்த் திரும்பினால் போதும்.

ஆயில் 4.6 லிட்டர், விடபிள்யூ 502.00 தரம், 5டபிள்யூ-40. 7,500 கி.மீ. அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. டிரெயின் போல்ட் 30 நியூட்டன் மீட்டர், வாஷர் புதிது. ஆயில் செலவையும் எழுதி வைக்க வேண்டும். இந்த எஞ்சின் குடும்பத்தில் 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை தயாரிப்பாளர் கணக்கில் "சரி". இந்த வண்டி 150 மி.லி. குடிக்கிறது. 250-ஐத் தாண்டினால் முதலில், எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பிவிடும் பிசிவி வால்வைப் பார்க்கலாம். பிஸ்டன் ரிங் பற்றிய பயம் அதற்குப் பிறகுதான்.

அடுத்தது டைமிங் செயின் டென்ஷனர், அதாவது வால்வுகளை ஓட்டும் செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகம். இந்த எஞ்சினில் 2012 வாக்கில்தான் திருத்திய டென்ஷனர் வந்தது. பழையதில் பின்னுக்குப் போகாமல் பிடிக்கும் பல் (ராட்செட்) நழுவினால், ஸ்டார்ட் செய்யும் நொடியில் செயின் பல் தாண்டி வால்வு பிஸ்டனில் மோதும். செயின் மூடியில் ஒரு ரப்பர் அடைப்பான் இருக்கிறது. அதைக் கழற்றி விளக்கடித்தால் டென்ஷனர் தெரியும். பழைய வகை என்றால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். இந்த வண்டியில் டென்ஷனர், செயின், கைடு மூன்றும் சேர்த்தே மாற்றப்பட்டன, ஏனென்றால் கூலி பாதிக்கு மேல் மூடியைத் திறப்பதற்கே போகிறது. எந்த வேலையானாலும் கிராங்கைக் கடிகாரத் திசையில் மட்டும் சுற்றணும். எதிர்த்திசையில் சுற்றினால் டென்ஷனர் அமுங்கிச் செயின் தொய்யும்.

கைவேலை அதிகம் பிடித்தது இன்டேக் வால்வுக் கரி. பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் வால்வின் பின்புறத்தைக் கழுவ எதுவும் இல்லை. பிசிவி வழியாக வரும் ஆயில் ஆவி அங்கே சுட்டுக் கரியாகிறது. அறிகுறி: காலையில் ஸ்டார்ட் செய்ததும் முதல் அரை நிமிடம் நடுக்கம், ஸ்கேனரில் குளிர்நிலை மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிப்பு தவறுவது) எண்ணிக்கை. டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில் இதற்கு உதவாது, அது வால்வைத் தொடவே தொடாது.

முறை இது. முதல் நாள் இரவே வண்டியை நிறுத்திவிடுங்கள். ஓடும்போது பெட்ரோல் லைனில் 100 பாருக்கு மேல் அழுத்தம். குளிர்ந்த பிறகும் துணி சுற்றித்தான் நட்டைத் தளர்த்த வேண்டும். காற்று உள்ளே போகும் குழாய்த்தொகுதியான மேனிஃபோல்டை இழுக்கும்போது சில இன்ஜெக்டர் அதோடு வரும், சில ஹெட்டிலேயே நிற்கும். எப்படி வந்தாலும் டெஃப்லான் சீல், ஓரிங் எல்லாம் புதிது. பழைய சீலை மறுபடி போட்டால் காம்ப்ரஷன் கசிந்து இன்ஜெக்டர் கருகும். இனி ஒவ்வொரு சிலிண்டராக. கிராங்கைச் சுற்றி அந்த சிலிண்டரின் இரண்டு இன்டேக் வால்வும் மூடியபடி வையுங்கள். கார்ப் கிளீனரைக் கொஞ்சம் ஊற்றிப் பத்து நிமிடம் பாருங்கள். மட்டம் இறங்கினால் வால்வு மூடவில்லை, உடனே சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். மட்டம் நின்றால் வால்வு மூழ்கும் அளவுக்கு ஊற்றி அரைமணி ஊறவிட்டு, நைலான் பிரஷ், பிளாஸ்டிக் சுரண்டி, சிரிஞ்ச், பிறகு கம்ப்ரஸர் காற்று. இரும்பு பிரஷ் வேண்டாம், உதிர்ந்த ஒரு கம்பி போதும் சிலிண்டரைக் கீற. மற்ற மூன்று துளையிலும் துணி அடைத்திருக்க வேண்டும், அடைத்த துணியை எண்ணி எடுக்க வேண்டும். அக்ரூட் ஓட்டுப்பொடி பீய்ச்சும் கருவி இருந்தால் பாதி நேரத்தில் முடியும். 74,000-த்தில் செய்த பிறகு குளிர்நிலை மிஸ்ஃபயர் பூஜ்யம், 91,000-த்திலும் அப்படியே.

கியர் ஆயில் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை, ஃபில்டரோடு. இதில் மதுரை வெயில் ஒரு தனிச் சிக்கல். கீழிருந்து ஏறக்குறைய 5.2 லிட்டர் ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு, கியர் லீவரை எல்லா நிலைக்கும் நகர்த்தி, ஆயில் 35 முதல் 45 டிகிரிக்குள் இருக்கும்போது அடியிலுள்ள துளையில் மிச்சத்தை வடியவிட்டு மட்டம் பார்க்க வேண்டும். மே மாதப் பகலில் ஷெட்டே 38 டிகிரி. ஐடிலில் சில நிமிடங்களில் 45 தாண்டிவிடும். சூட்டில் ஆயில் விரிந்து அதிகமாக வடியும், அதைச் சரியென்று அடைத்தால் பெட்டியில் ஆயில் குறைவு. பிறகு கியர் உதைக்கிறது என்று கியர்பெட்டியின் கட்டுப்பாட்டுப் பகுதியான மெகட்ரானிக்ஸை மாற்றச் சொல்வார்கள். மார்கழிக் காலையில் செய்தால் ஸ்கேனரில் 35-க்கு வரும்வரை காத்திருந்து நிதானமாக மூடலாம். வண்டி நான்கு ஸ்டாண்டிலும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும்.

வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் கூடு பிளாஸ்டிக். மேனிஃபோல்டுக்கு அடியில் இளஞ்சிவப்புக் காய்ந்த பொடி தெரிந்தால் கசிவு ஆரம்பம். கூலன்ட் மட்டம் மாதம் ஒரு விரல் இறங்கினாலும் அதே அர்த்தம். பம்ப்பை ஓட்டும் சிறு பெல்ட்டின் புல்லி போல்ட் இடப்புரி. வழக்கமான திசையில் திருகினால் முறியும். குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது, டிஸ்டில்டு வாட்டரும் சரியான கூலன்ட்டும் மட்டும்.

பிரேக் ஆயில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. டாட் 4 புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கும், ஈரம் இழுத்த பிறகு 155 வரை இறங்கலாம். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு இறங்கும் வழியில் பெடல் பஞ்சாவது இதனால்தான். டயரில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரமும் வருஷமும்; தேயாமல் கட்டை எவ்வளவு மிச்சம் இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டினால் நெடுஞ்சாலை வேகத்துக்கு வேண்டாம்.

நிறுத்தி வைப்பதில் பெரிய எதிரி எலி. பானெட்டுக்கு அடியில் புகையிலை, நாப்தலின் எல்லாம் ஓரளவுதான். ஷெட் கதவின் அடி இடைவெளியைக் கம்பிவலையால் அடைத்ததுதான் வேலை செய்தது. எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் ஈரம் இழுக்கும் என்பதால் மாதக்கணக்கில் நிற்கும் டேங்கைப் பாதியில் விடாமல் நிரப்பி வைப்பது நல்லது. எரிபொருள் செல்லும் பழைய ரப்பர் ஹோஸ்களில் வெடிப்பு, வாசனை இருக்கிறதா என்று ஆயில் மாற்றும்போதெல்லாம் தடவிப் பாருங்கள்.

காகித ஆயுள் தனி. ஆர்.சி. 15 வருஷத்துக்கு; பிறகு எஃப்.சி. காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். டில்லியில் கொண்டுவந்த, 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கான தடை தமிழ்நாட்டில் இல்லை. 2011 வண்டிக்குப் புதுப்பிக்க வேண்டிய வருஷம் 2026. மஞ்சளான ஹெட்லைட் கூட்டை 800, 1500, 3000 எண் உப்புத்தாளால் நீரோடு தேய்த்து யுவி பூச்சு அடித்தாயிற்று.

பாக்கி: பின் சக்கரங்களுக்கு விசை அனுப்பும் ஹால்டெக்ஸ் கிளட்சின் ஆயில், ஒரு லிட்டருக்கும் குறைவுதான், ஒரு மணி நேர வேலை. முன் சஸ்பென்ஷனின் கீழ்க் கை ரப்பர் புஷ் இரண்டும் வெடித்திருக்கின்றன. பாகம் வரச் சில வாரமாகும். புஷ் போல்ட்டை வண்டி தரையில் நிற்கும் உயரத்தில் வைத்துத்தான் முறுக்க வேண்டும். தொங்கவிட்டு முறுக்கினால் ரப்பர் முறுக்கேறி ஒரே வருஷத்தில் மறுபடி கிழியும்.