இழைப்புளி ஏலம்: ஒரு நாட்குறிப்பு

மார்ச் 2

இணைய ஏலத்தளத்தில் ஒரு பட்டியல். தலைப்பு இவ்வளவுதான்: “சின்ன இழைப்புளி, பழையது, துரு உண்டு.” மூன்று படங்கள், அதில் இரண்டு மங்கல். யாரோ ஒரு பட்டறையை மொத்தமாகக் காலி செய்கிறார் போலிருக்கிறது. அதே விற்பனையாளரின் பட்டியலில் ஸ்பேனர்கள், ஒரு வைஸ், கால் உடைந்த நாற்காலிகூட இருக்கின்றன. பொருளின் பெயர் தெரியாதவர் போட்ட பட்டியல்களில்தான் எனக்கு ஆர்வம். பெயர் தெரிந்தவர் போட்டால் உலகமே வந்துவிடும்.

மூன்றாவது படத்தைப் பெரிதாக்கினேன். பிளேடைத் தாங்கும் ஃபிராக்குக்குப் பின்னால், அடி வார்ப்பில் மூன்று வரி எழுத்து. துரு முக்கால்வாசியை மூடிவிட்டது. ஆனாலும் கடைசி வரியில் 1910 ஏப்ரல் 19ஆம் தேதியின் வால் தெரிகிறது. 1902இல் வாங்கிய இரண்டு காப்புரிமைத் தேதிகளும் 1910இன் ஒன்றும் சேர்ந்து வார்த்திருந்தால் அது ஸ்டான்லி நிறுவனத்துடையது. 1910க்கும் 1918க்கும் நடுவில் செய்தது. சேகரிப்பவர்கள் ‘டைப் 11’ என்று சொல்வது இதைத்தான்.

டைப் 11 ஒன்றும் அபூர்வம் இல்லை. ஸ்டான்லி தன் இழைப்புளிகளுக்கு அளவுப்படி எண் போட்டிருக்கிறது; எண் 4, எண் 5 எல்லாம் ஓயாமல் ஏலத்துக்கு வரும். ‘சின்ன’ என்பதுதான் உறுத்துகிறது. எண் 4 ஒன்பது அங்குல நீளம், 2 அங்குல பிளேடு. எண் 3 எட்டு அங்குலம், பிளேடு 1¾. எண் 2 ஏழே அங்குலம், பிளேடு 1⅝. எண் 1 ஐந்தரை அங்குலம்தான். ஆனால் அதற்குப் பக்கவாட்டு லீவர் கிடையாது, இதில் லீவர் இருக்கிறது. ஆக, 2 அல்லது 3. எண் 3 என்னிடம் ஏற்கெனவே உண்டு. எண் 2 வேறு கதை.

படத்தில் அளந்து நீளத்தை பிளேடு அகலத்தால் வகுத்துப் பார்த்தேன். எண் 2 என்றால் 4.3 வர வேண்டும், எண் 3 என்றால் கிட்டத்தட்ட 4.6. எனக்கு 4.4 வந்தது. சாய்வாக எடுத்த படத்தில் இந்த வித்தியாசத்தை நம்பி எதுவும் சொல்ல முடியாது. கைப்பிடிக்கும் பித்தளைத் திருகுக்கும் நடுவில் விரல் நுழைய இடமே இல்லாதது போலத் தெரிவது மட்டும் எண் 2 பக்கம் சாய்கிறது.

(ஏலம் முடிகிற வரை இந்தக் குறிப்புகளை வெளியே விடப்போவதில்லை.)

மார்ச் 3

விற்பவரிடம் நீளம் கேட்டால் ஒரு நிமிட வேலை. கேட்கவில்லை. இந்தத் தளத்தில் கேள்வியும் பதிலும் பொருளின் பக்கத்திலேயே எல்லோர் கண்ணிலும் படும்படி ஏறிவிடும். “ஏழு அங்குலமா?” என்று நான் கேட்பது, இது என்ன என்று ஊரைக் கூட்டிச் சொல்வதற்குச் சமம்.

விற்பவருக்குத் தெரியாததை நமக்குத் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது நியாயமா என்று ஒரு கேள்வி அவ்வப்போது வரும். கடைக்காரர் போட்ட விலைக்கு வாங்கிக்கொண்டு ஓடினால் எனக்கும் கொஞ்சம் கூசும். ஏலத்தில் கூசுவதில்லை. விஷயம் தெரிந்தவர் இரண்டு பேர் வந்தால் போதும், விலை தானாக ஏறவேண்டிய இடத்துக்கு ஏறிவிடும். ஒருவர் மட்டும் வந்தால் அது அவருடைய அதிர்ஷ்டம்.

மார்ச் 4

ஒருவர் வந்துவிட்டார். பெயர் இரண்டு எழுத்து, நடுவில் மூன்று நட்சத்திரக்குறி. அந்த இரண்டு எழுத்தும் அவருடைய பெயரிலிருந்து எங்கெங்கோ பொறுக்கியவை, அதனால் பயனில்லை. அடைப்புக்குறிக்குள் அவர் பெற்ற மதிப்பீடுகளின் எண்ணிக்கை 412. எனக்கு அவர் இனி நாலு-பன்னிரண்டு. அடுத்த பொருளை வாங்கியதும் 413 ஆகிவிடுவார், அப்புறம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

கேட்ட வரலாற்றைத் திறந்தால் ஆள் எப்படிப்பட்டவர் என்று புரிகிறது. இன்னொருவர் 20 கேட்டு வைத்திருந்திருக்கிறார் (எண்கள் எல்லாம் கணக்குக்காக வைத்தவை; உண்மையான தொகையை எழுதப்போவதில்லை). நாலு-பன்னிரண்டு 10, 12, 15, 18, 21 என்று ஐந்து நிமிடத்துக்குள் ஏறி, முதலிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

இந்த மாதிரி ஆட்களால்தான் உச்சத் தொகையை முன்கூட்டியே போட்டு வைப்பது ஆகாது. தளத்தின் ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான்: உச்சத்தைச் சொல்லிவிட்டால், அடுத்தவர் கேட்டதைவிட ஒரு படி மேலே மட்டும் நம் சார்பில் தானே கேட்டுக்கொண்டு போகும். நமது உச்சம் 100, அடுத்தவருடையது 40 என்றால் 41, 42இல் முடிந்துவிடும். ஆனால் கொத்திக் கொத்தி ஏறுகிறவர் முன்னால் அதை வைத்தால், நம் உச்சம் எங்கே இருக்கிறது என்று தட்டித் தட்டிக் கண்டுபிடித்துவிடுவார்.

மார்ச் 5

என் உச்சத் தொகையை முடிவு செய்ய உட்கார்ந்தேன். எண் 3 என்றால் எனக்கு அது 40 பெறும். எண் 2 என்றால் 160. வாய்ப்பு பாதிக்குப் பாதி. அப்படியானால் சராசரி 100.

இந்த 100 பொய். எதிரில் இருப்பவர்களில் யாராவது என்னைவிடத் தெளிவாக இது என்ன என்று கண்டுபிடித்திருக்கலாம். எண் 2 என்று தெரிந்தால் அவர் 100ஐத் தாண்டிப் போவார். எண் 3 என்று தெரிந்தால் ஒதுங்கிவிடுவார். ஆக, நான் 100க்கு ஜெயித்தால் அது பெரும்பாலும் எண் 3ஆகத்தான் இருக்கும். 1971இல் ஓர் எண்ணெய் நிறுவனத்தின் பொறியாளர்கள் மூன்று பேர் இதைத்தான் எழுதினார்கள்: மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமைக்கான ஏலங்களில், யார் இருப்பை அளவுக்கு மீறி மதிப்பிட்டார்களோ அவர்களே அதிகம் ஜெயித்தார்கள், ஜெயித்துவிட்டு எதிர்பார்த்த லாபம் வராமல் தவித்தார்கள். ‘வென்றவரின் சாபம்’ என்று அதற்குப் பெயர். கடலடி எண்ணெய்க்கும் துருவுக்கு அடியில் இருக்கும் எழுத்துக்கும் கணக்கு ஒன்றுதான்.

75 என்று எழுதி மூடினேன்.

மார்ச் 6

வேறொரு ஏலம், சுருக்கமாக. டிஸ்டன் டி-8 ரம்பம், கைப்பிடியில் பித்தளைப் பதக்கம் முழுசாக இருந்தது. ஒரே ஒரு படியில் போய்விட்டது. “இன்னும் ஒரு படி கேட்டிருந்தால்” என்று உடனே மனசு அடித்துக்கொள்ளும். அது வெறும் தோற்றம். யாரிடம் தோற்றாலும் ஒரு படியில்தான் தோற்போம், தளம் காட்டுவது என் உச்சத்துக்கு மேல் ஒரு படியை மட்டும்தான். அவர் மனதில் இருந்தது அதில் இரண்டு மடங்காகவும் இருந்திருக்கலாம். அந்த எண்ணை எனக்கு யாரும் காட்டப்போவதில்லை.

மார்ச் 7

நாலு-பன்னிரண்டு இன்னும் 21இல் உட்கார்ந்திருக்கிறார். வேலை இல்லாததால் கொஞ்சம் படித்தேன்.

அதிகம் கேட்டவருக்குப் பொருள், இரண்டாவதாகக் கேட்டவரின் தொகையே விலை என்ற முறையை (இந்தத் தளத்தின் ஏற்பாடும் கிட்டத்தட்ட இதுதான்) 1961இல் வில்லியம் விக்ரி அலசி எழுதினார். இந்த முறையில் நம் மனதில் உள்ள உண்மையான மதிப்பை அப்படியே சொல்லிவிடுவதே சிறந்தது, தந்திரம் தேவையில்லை என்று நிரூபித்தார். 1996இல் அவருக்குப் பொருளாதார நோபல் அறிவித்தார்கள். மூன்றே நாளில் இறந்துபோனார். ஆனால் தபால்தலை வியாபாரிகள் இதே முறையில் அஞ்சல்வழி ஏலம் நடத்தியது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே. தேவை வந்தால் வியாபாரி கோட்பாட்டுக்காகக் காத்திருப்பதில்லை.

விக்ரியின் கணக்குப்படி யாரும் கடைசி நொடி வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் காத்திருக்கிறார்கள். 2002இல் ஆல்வின் ராத், ஆக்சல் ஒக்கன்ஃபெல்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஈபேயையும், அப்போது அமேசான் நடத்திய ஏலத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஈபேயில் குறித்த நொடியில் கதவு மூடிவிடும். அமேசானில் கடைசிப் பத்து நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் நீளும். கடைசி நேரக் கூட்டம் ஈபேயில்தான் அதிகம் இருந்தது, எதிர்பார்த்ததுதான். எனக்குப் பிடித்தது அடுத்த விவரம்: ஈபேயிலேயே கணினிகளைவிடப் பழம்பொருட்களில்தான் கடைசி நேரக் கேட்பு அதிகம். கணினி என்ன என்று எல்லோருக்கும் தெரியும். பழம்பொருள் என்ன என்பது சிலருக்குத்தான் தெரியும், அவர்கள் கையைத் தூக்கினாலே மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

கடைசி நொடியில் கேட்பவரைத் திருட்டுப் பூனை மாதிரி பேசுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. அவர் ஒளித்து வைப்பது பணத்தை அல்ல, தான் படத்தில் பார்த்ததை. அதைப் பார்க்கக் கற்றுக்கொள்ள அவருக்குப் பல வருடங்கள் ஆகியிருக்கும்.

மார்ச் 8

நாலு-பன்னிரண்டின் முப்பது நாள் சுருக்கத்தைப் பார்த்தேன். பல விற்பனையாளர்களிடம் கேட்டிருக்கிறார், இந்த விற்பனையாளரிடம் கேட்டது மிகச் சொற்பம், திரும்பப் பெற்றது எதுவும் இல்லை. விற்பவரே இன்னொரு பெயரில் வந்து விலையேற்றுவதாக இருந்தால் அந்த விகிதம் எகிறியிருக்கும். சுத்தமான ஆள்.

பெயரை ஏன் மறைக்கிறார்கள் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பு எல்லோர் பெயரும் தெரிந்தபோது, ஏலத்தில் தோற்றவரை மோசடிக்காரர்கள் தேடிப் பிடித்து, “ஜெயித்தவர் பின்வாங்கிவிட்டார், உங்களுக்கே தருகிறோம்” என்று போலிக் கடிதம் எழுதிப் பணம் பறித்தார்கள். அதைத் தடுக்க வந்தது இந்த நட்சத்திரக்குறி. அதே குறிக்குப் பின்னால் பொய்க் கேட்பாளரும் வசதியாக உட்காரலாம் என்பது இன்னொரு பக்கம்.

மார்ச் 9

போச்சு. காலையில் பக்கத்தில் ஒரு கேள்வி: “அடிப்பகுதியின் நீளம் என்ன?” கேட்டவர் பெயர் இல்லை. விற்பவரின் பதில்: “சரியாக 7 அங்குலம்.” மதியத்துக்குள் 21 என்பது 104. முன்னணியில் நாலு-பன்னிரண்டு, அவருக்குக் கீழே புதிதாக இரண்டு பேர்.

ஒன்று நல்லது: இனி பாதிக்குப் பாதி இல்லை. எண் 2தான். 75ஐ அடித்துவிட்டு 160 எழுதினேன். தபால் செலவைக் கழித்த பிறகு வரும் தொகை இது. 160ஐ 161.30 ஆக்கினேன். இரண்டு பேர் ஒரே தொகையைக் கேட்டால் முதலில் கேட்டவருக்குத்தான் போகும், கடைசியில் வருகிறவன் முழு எண்ணில் நிற்கக் கூடாது.

மார்ச் 10

ஆறு நொடி மிச்சமிருக்கும்போது 161.30 அழுத்தினேன். பக்கம் சிவப்பாக வந்தது. 163.30க்கு முடிந்தது, எனக்கு இல்லை.

வரலாற்றைப் பார்த்தால் நாலு-பன்னிரண்டின் உச்சம் 124தான். ஜெயித்தவர் கடைசி நிமிடத்தில் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறார், அதற்கு முன் இந்தப் பக்கம் வந்த தடயமே இல்லை. அடைப்புக்குறிக்குள் 3.

மார்ச் 15

தளத்துக்குள்ளேயே ஒரு செய்தி: வாங்கியவர் பணம் செலுத்தவில்லை, உங்களுடைய 161.30க்கே எடுத்துக்கொள்ளலாம். கணக்குக்குள் நுழைந்து சரிபார்த்தேன், போலி இல்லை, உண்மையான இரண்டாம் வாய்ப்பு.

வேண்டும் என்று கை துறுதுறுத்தது. 160 பெறும் என்று நான்தானே எழுதினேன். ஆனால் கணக்கு இடிக்கிறது. பணம் தராத அந்த ‘3’ வராமலே இருந்திருந்தால் நான் ஜெயித்திருப்பேன், நாலு-பன்னிரண்டின் 124க்கு மேல் ஒரு படி, 126க்கு. இல்லாத ஒருவருடைய போட்டிக்காக 35க்கு மேல் கூடுதலாகக் கேட்கிறார்கள். அந்த ‘3’ யார், விளையாட்டுக்கு வந்தவரா, பணமுடை வந்தவரா, விற்பவருக்கு வேண்டியவரா என்று கண்டுபிடிக்க வழியில்லை. கண்டுபிடிக்கத் தேவையும் இல்லை, மூன்றுக்கும் எனக்கு வருகிற எண் ஒன்றுதான். 126 தருகிறேன் என்று காரணத்தோடு மரியாதையாக எழுதி அனுப்பினேன்.

மார்ச் 17

“மன்னிக்கவும், மறுபடி ஏலத்துக்கு விடுகிறேன்.” அவர் உரிமை.

மார்ச் 19

புதிய பட்டியல் வந்தாயிற்று. தலைப்பு: “ஸ்டான்லி எண் 2, டைப் 11, அபூர்வம்.” யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் அவரே தேடிப் படித்திருக்கிறார். துருவைத் துடைத்துவிட்டு பன்னிரண்டு படங்கள், மூன்று தேதியும் பளிச்சென்று. பக்கத்தில் அளவுகோல் வேறு.

மார்ச் 20

இரண்டாம் நாளே 170. கேட்டவர்களில் 413 என்று ஒருவர் இருக்கிறார், என் பழைய நண்பராக இருக்கலாம். கண்காணிப்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன்.

வியாழக்கிழமை ஒரு ரெக்கார்ட் 405 இழைப்புளியின் ஏலம் முடிகிறது. தலைப்பில் “பல பாகங்கள் உள்ள கருவி” என்று மட்டும் இருக்கிறது. கட்டர் பெட்டி படத்தில் பாதிதான் விழுந்திருக்கிறது. இதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.